சுழல்தாங்கி

கைத்தொழில்களை ஆராயுமிடத்து அவை இருவகைப்படுதலைக் காண்கின்றோம். சிலவற்றில் தொழிலாளி பொருள் இருக்குமிடத்திற்குத் தன் உடலை வளைத்துக்கொண்டு செல்கின்றான்; சிலவற்றில் பொருளே அவன் கைக்கு வேண்டிய வண்ணம் திரும்பிக் கொடுக்கின்றது. சுவரெடுக்கும் கொத்தன் முன்னதற்கும், திகிரியிற் களிமண்ணை இட்டுச் சுழற்றும் குயவன் பின்னதற்கும் எடுத்துக்காட்டாவர். மரக்கடைசலும் லேத்து வேலையும் குயவன் வழியைச் சார்ந்தவை. பழுதுற்ற மோட்டார் வண்டியின் உடலைச் செப்பஞ் செய்யும் தொழிலோ, நம் நாட்டில் பெரும்பாலும் கொத்தன் வழியிலேயே நின்றுவருகின்றது. வண்டி அசையாது நிற்க, மனிதன் அதன் கீழே மல்லாந்து படுத்து, தீப்பொறியும் துருத்தூளும் தன் முகத்தின்மீது விழ வேலை செய்கின்றான். இம்முறையை மாற்றி, வண்டியின் கூட்டையே சுழலச் செய்யும் தாங்கியொன்றை அமைக்கும் வகையை இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். மேனாட்டார் இதனை, இறைச்சியைக் கம்பியிற் கோத்துத் தீயின்மேற் சுழற்றி வாட்டும் கருவியின் பெயராலேயே 'ரொட்டிசரி' என்று வழங்குவர். நாம் சுழல்தாங்கி என்போம்.

சென்னையினின்று மேற்கே மதுரவாயலைக் கடந்து பூந்தமல்லிக்குச் செல்வோர் வேலப்பன்சாவடியை அறிவர். சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் பெருவழியில் அவ்வூர் அமைந்திருத்தலின், இக்காலத்து வழிச்செல்வோரின் வண்டிகளுக்குத் தொண்டு செய்தலும் அப்பக்கத்தாரின் பிழைப்புகளுள் ஒன்றாயிற்று. அண்மையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உளது. ஆவடியிற் கனரக ஊர்தித் தொழிற்சாலை உளது. ஆதலின் இரும்புக் குழாய், தகடு, கடைசல், பற்றவைப்பு ஆகியவற்றை அறிந்த கைகளுக்கு இவ்வட்டாரத்திற் குறைவில்லை. யாம் ஈண்டு விளக்கப்போகும் கருவியை வெளிநாட்டிலிருந்து விலைக்கு வருவிக்க வேண்டுவதில்லை. இங்குள்ள ஒரு சிறு பட்டறையே அதனைச் செய்துகொள்ளக் கூடும்.

எவ்வகை வண்டிகளுக்கு இக்கருவி வேண்டும் என்பதை முதலில் அறிதல் நலம். சென்னைக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு நெடியது. 1903ஆம் ஆண்டிலேயே சிம்சன் கம்பெனியைச் சார்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் இந்நகரில் நீராவியால் இயங்கும் வண்டி ஒன்றைக் கட்டினார். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1949ஆம் ஆண்டிற் தொடங்கி ஆஸ்டின் கார்களை இணைத்து விற்றனர். வண்டலூர்ப் பக்கத்தில் 1961ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்யப்பட்டது. இவற்றோடு, வங்காளத்து உத்தரபாராவிலிருந்து 2014ஆம் ஆண்டு வரை வந்துகொண்டிருந்த அம்பாசிடரும், பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினியும் நம் தெருக்களிற் பல்லாண்டு ஓடின. இன்று இவற்றைச் செய்வாரில்லை. ஆயினும் பாட்டனார் ஓட்டிய வண்டியைப் பேரன் காத்துவைக்க விரும்புதல் இயல்பு. அவ்விருப்பத்திற்கு அரசாங்கமும் இடமளித்திருக்கின்றது. 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வண்டியெனத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவ்வண்டி தன் மூலவடிவிலேயே இருத்தல் வேண்டும். அதன் சட்டத்திலேனும் கூட்டிலேனும் எந்திரத்திலேனும் பெருமாற்றம் செய்யப்பட்டிருத்தல் ஆகாது. எனவே, கூட்டின் வடிவு பிறழாமற் பழுது நீக்கும் திறமை முன்னினும் இப்போது மிகவும் வேண்டற்பாலதாயிற்று.

இவ்வண்டிகளின் தீராப் பகை துருவே. இரும்பும் நீரும் பிராணவாயுவும் ஒருங்கு கூடிய விடத்துத் துரு பிறக்கும். உப்புக் கலப்பின் அது விரைந்து பரவும். சென்னையின் காற்று கடலை அடுத்தமையால் ஈரமும் உப்பும் உடையது. அன்றியும், 2015ஆம் ஆண்டின் டிசம்பர் வெள்ளத்திலும் 2023ஆம் ஆண்டின் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. நீர் வடிந்தபின் மேற்பூச்சைத் துடைத்துவிடலாம். ஆனால் கதவின்கீழ்ப் படிபோல் நீண்டு செல்லும் பெட்டிப்பகுதியிலும், தரைத்தகட்டின் மடிப்புகளிலும், சக்கரக் குழிகளின் ஓரங்களிலும் தங்கிய நீர் எளிதில் வற்றுவதன்று. துரு உள்ளிருந்து தின்றுகொண்டே வந்து, வெளியிற் கொப்புளமாய்த் தோன்றும்போது தகடு பெரும்பாலும் சல்லடையாகியிருக்கும். ஆதலின் பழைய வண்டியைச் செப்பஞ் செய்தலென்பது, பத்திற்கு ஏழு பங்கு, அதன் அடிப்பாகத்தைச் செப்பஞ் செய்தலேயாம் என்று சொன்னால் மிகையாகாது.

அடிப்பாகத்தில் வேலை செய்தல் எளிதன்று. வண்டியை ஜாக்கியால் தூக்கி, கல்லையோ செங்கல்லையோ அண்டைகொடுத்துக் கீழே நுழைவோரை நாம் எங்கும் காண்கின்றோம். ஜாக்கி தூக்குதற்கு உரிய கருவியேயன்றித் தாங்குதற்கு உரியதன்று. செங்கல் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். அவ்விடத்துப் போவது உயிர். உயிருக்கு ஊறில்லாத விடத்தும் வேலைக்கு ஊறுண்டு. தலைக்குமேற் பற்றவைக்குங்கால், உருகிய இரும்பு கீழ்நோக்கி வழிய முற்படும். அதனை நிலைநிறுத்தத் தேர்ந்த கை வேண்டும். அதே இணைப்பு தொழிலாளியின் இடுப்பளவில் மேல்நோக்கிக் கிடக்குமாயின், உருகிய இரும்பு தானே மட்டமாகத் தங்கி நன்கு ஊடுருவும். பூச்சு வேலையும் அத்தன்மைத்தே. பெருந்தொழிற்சாலைகளிற் கனத்த சட்டங்களைச் சுழற்றிச் சுழற்றிப் பற்றவைத்தற்கு எந்திரத்தாங்கிகள் உண்டு. அவற்றின் எளிய இளவலே நம் சுழல்தாங்கி.

இனி அதன் உறுப்புகளைக் கூறுவோம். வண்டியின் முன்புறத்தில் ஒரு தூணும் பின்புறத்தில் ஒரு தூணும் நிற்கும். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் கிடைமட்டமாக ஓர் உறைகுழாய் பொருத்தப்படும். அதனுள் தளர்வின்றிச் சுழலும் அச்சுக்குழாய் ஒன்று செல்லும். அச்சுக்குழாயின் உட்தலைப்பில் ஒரு குறுக்குச் சட்டமும், அதினின்று வண்டியைப் பற்றும் இரண்டு கைகளும் உண்டு. இக்கைகள், பம்பரைத் தாங்கும் வலிய பகுதிகள் வண்டியின் நெடுஞ்சட்டங்களோடு சேருமிடத்திற் போல்ட்டுகளால் முடுக்கப்படும். இரு தூண்களின் அடிகளையும் ஒரு நீண்ட குழாய் இணைக்கும். அடிகளிற் பூட்டுள்ள உருளைச் சக்கரங்கள் இருப்பின் பட்டறைக்குள் நகர்த்தலாம். கதவு, கண்ணாடி, எந்திரம், இருக்கை, பெட்ரோல் தொட்டி, மின்கம்பிகள், சக்கரங்கள் யாவும் கழற்றப்பட்ட வெறுங்கூடே தாங்கியில் ஏற்றப்படுவது.

இக்கருவியின் உயிர்நிலை, சுழலும் அச்சைக் கூட்டின் ஈர்ப்பு மையத்தின் வழியே செலுத்துதலாம். பௌதிக வகுப்பில் இம்மையத்தைப் பற்றிப் பயின்ற மாணவர் அதனை இங்குக் கையாற் தொட்டு உணரலாம். கூட்டின் எடை 300 கிலோ எனக் கொள்வோம். அச்சுக்கும் ஈர்ப்பு மையத்திற்கும் இடையே 15 சென்டிமீட்டர் வேறுபாடு இருப்பின், கூடு பக்கவாட்டில் நிற்குங்கால் அதனைத் திருப்ப முயலும் திறன் 300 பெருக்கல் 0.15, அஃதாவது 45 கிலோ-மீட்டராகும். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியைப் பற்றி நிற்பவன் 45 கிலோவைத் தடுத்து நிற்றல் வேண்டும். கை நழுவின் கூடு அவனை அடித்து வீழ்த்தும். வேறுபாடு 5 சென்டிமீட்டராயின் 15 கிலோ; ஒரு சென்டிமீட்டராயின் 3 கிலோவே. நன்கு நிறுத்த துலாக்கோல் போல் அமைந்த கூட்டை ஒரு சிறுவனும் திருப்புவான்.

அம்மையத்தை எவ்வாறு கண்டறிவது? கணக்கிட்டு அறிதல் அரிது. சோதித்து அறிதல் எளிது. இதற்காகவே கைகளுக்கும் குறுக்குச் சட்டத்திற்கும் இடையே நீண்ட துளைகளை வெட்டி, கூட்டை மேலும் கீழும் நகர்த்தி முடுக்குமாறு அமைக்கவேண்டும். கூட்டை ஏற்றியபின், கப்பியின் சங்கிலியை அவிழ்க்காமலே சிறிது சாய்த்துப் பார்க்க. விட்டவுடன் நேராக நிமிர வருமாயின் மையம் அச்சின்கீழ் உளது. மேலும் கவிழப் பார்க்குமாயின் மையம் அச்சின்மேல் உளது. அளவையும் அறியலாம். கூட்டை ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்தி, அச்சினின்று 80 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு வில்தராசை மாட்டித் தாங்குக. தராசு 30 கிலோ காட்டின், 30 பெருக்கல் 0.8 அஃதாவது 24 கிலோ-மீட்டர். அதனை 300ஆல் வகுக்க 0.08 மீட்டர். எனவே மையம் அச்சினின்று 8 சென்டிமீட்டர் விலகியுளது. மையம் கீழே இருந்தால் கூட்டை 7 சென்டிமீட்டர் உயர்த்துக. எஞ்சிய ஒரு சென்டிமீட்டரை வேண்டுமென்றே விட்டுவைத்தல் நன்று. மையம் அச்சின்கீழ்ச் சிறிதே தாழ்ந்திருப்பின், பூட்டு விடுபட்டாலும் கூடு கவிழாது நிமிர்ந்து நிற்க முயலும். துருவேறிய தரைத்தகட்டை வெட்டியபோதும், புதுத்தகட்டை ஏற்றியபோதும் எடை மாறுமாதலின் இச்சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும்.

அடுத்தது உயரம். கூடு முழுவட்டம் சுழலுங்கால் அதன் மிகத் தொலைவான மூலை எவ்விடத்தும் முட்டுதல் ஆகாது. அம்பாசிடரின் அகலம் ஏறத்தாழ 166 சென்டிமீட்டர். அதிற் பாதி 83. அச்சுக்குக் கீழே கூட்டின் அடி 65 சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதாகக் கொண்டால், பைத்தாகரஸ் தேற்றத்தின்படி 83இன் வர்க்கமாகிய 6889ஐயும் 65இன் வர்க்கமாகிய 4225ஐயும் கூட்ட 11114. அதன் மூலம் ஏறத்தாழ 105. எனவே மூலை அச்சினின்று 105 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் இயங்கும். 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் அச்சின் உயரம் 120 சென்டிமீட்டர். இவ்வுயரத்தைத் தரையினின்று அளத்தலாகாது. தூண்களை இணைக்கும் அடிக்குழாயின் மேல்விளிம்பினின்று அளத்தல் வேண்டும். உருளைகளின்மேல் அக்குழாய் 20 சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால், அச்சு தரையினின்று 140 சென்டிமீட்டர் உயரத்தில் அமையும். மேலே மூலை எட்டும் உயரம் 245 சென்டிமீட்டர். ஆகவே கூரை விட்டத்தின் உயரம் 270 சென்டிமீட்டருக்குக் குறைதலாகாது. கருவியை முடித்தபின் கூரை தாழ்ந்ததெனக் காண்பதினும், முன்னரே நூல்பிடித்து அளப்பது அறிவுடைமை.

உயரம் மிகுந்தால் சாயும் அச்சமும் மிகும். தூணடியின் அகலம் 140 சென்டிமீட்டராயின், நடுவினின்று ஓரம் வரை 70. அச்சின் உயரத்தில் ஒருவர் பக்கவாட்டிற் தள்ளித் தாங்கியைக் கவிழ்க்க வேண்டுமாயின், 300 பெருக்கல் 70, வகுத்தல் 140, அஃதாவது 150 கிலோவின் விசை வேண்டும். இடம் போதாதென்று அடியின் அகலத்தைப் பாதியாக்கினால் 75 கிலோ விசையே போதும். இருவர் சேர்ந்து தள்ளினாலும், உருளை ஒரு கல்லில் இடறினாலும் தாங்கி கவிழக்கூடும். வேலை நடக்குங்கால் உருளைகளைப் பூட்டித் தரையை ரசமட்டத்தாற் சரிபார்த்துக் கொள்ளுதல் இன்றியமையாதது.

வலிமையை இனி நோக்குவோம். ஒவ்வொரு தூணும் 150 கிலோவைத் தாங்கும். ஆனால் அச்சுமை தூணின்மேல் நேரே அமர்வதன்று. தூணினின்று உட்புறமாக, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குவது. ஆகவே அச்சுக்குழாயை வளைக்கும் திறன் 45 கிலோ-மீட்டர். 76 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 4.5 மில்லிமீட்டர் கனமும் உடைய மென்னிரும்புக் குழாயில் இது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 26 நியூட்டன் தகைவை உண்டாக்கும். அவ்விரும்பு நிலையாக வளையத் தொடங்குவது ஏறத்தாழ 250 நியூட்டனில். ஒன்பது மடங்கு காப்பு மிகையெனத் தோன்றலாம். ஆயினும் திடீரெனத் திருப்புதல், சுத்தியலால் அடித்தல், பற்றவைப்பிற் குறை முதலியவற்றைக் கருதுங்கால் அது மிகையன்று. சுமை உட்புறம் தொங்குதலின் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய முயலும் என்பதையும் மறத்தலாகாது. அடிக்குழாய் அதனைத் தடுக்கவே அமைந்தது, வெறும் அழகிற்கன்று. பழைய இரும்புக் கடையில் வாங்கும் குழாயாயின், உட்துருவும் பழைய வெட்டும் இல்லாமை நோக்கி வாங்குக.

பூட்டு இல்லாத சுழல்தாங்கி, கட்டவிழ்த்த யானையை ஒக்கும். அச்சுக்குழாயோடு ஒரு வட்டத்தகட்டைப் பற்றவைத்து, அதன் விளிம்பருகே 15 பாகைக்கு ஒன்றாக 24 துளைகள் இடுக. தூணில் நிலையாக உள்ள தகட்டின் துளை வழியே 16 மில்லிமீட்டர் உருக்கு முளையைச் செருகினால் கூடு வேண்டிய சாய்வில் நிற்கும். துளைகள் மையத்தினின்று 15 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பின், முன்கூறிய 45 கிலோ-மீட்டர் திறனும் முளையின்மீது 300 கிலோ விசையாகவே வரும். அம்முளை அதனை எளிதிற் பொறுக்கும். உறைகுழாயிற் போல்ட்டை முடுக்கி உராய்வால் மட்டும் நிறுத்துவோர் உளர். உராய்வு கிரீஸ் பட்டால் நம்பத்தகாதது. பொருள்வசதி உடையோர் புழுப்பல்லிணை ஒன்றைப் பொருத்துவர். அதன் புரி போதிய அளவு சாய்வு குறைந்ததாயின், கைப்பிடி சக்கரத்தைத் திருப்புமேயன்றிச் சக்கரம் கைப்பிடியைத் திருப்பாது. ஆயினும் முளையை விலக்குதல் வேண்டா.

தாங்கி எத்துணை வலியதாயினும் கூடு வலியதாயிருத்தல் வேண்டுமன்றோ? அம்பாசிடர், பத்மினி ஆகிய வண்டிகளுக்குத் தனிச்சட்டம் இல்லை. கூடே சட்டமாய் நின்று சுமையைத் தாங்குவது. அதனை இரு முனைகளிலும் பற்றித் தூக்கினால் நடுப்பாகம் தொய்ய முயலும். கதவின்கீழ்ப் பெட்டிப்பகுதி துருவால் நைந்திருப்பின், கூடு கதவுவாயிலிலே மடிந்துவிடும். ஆகவே ஏற்றுவதற்கு முன்னரே ஒவ்வொரு கதவுவாயிலிலும் குறுக்குக் குழாய்களைப் பற்றவைத்து முட்டுக்கொடுத்தல் வேண்டும். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துச் சுவரில் எழுதிவைக்க, நாள்தோறும் ஒப்பிடுக. இடப்பக்கப் பெட்டியை முற்றும் மாற்றியபின்னரே வலப்பக்கத்தை வெட்டுக. அப்பெட்டிகளின் இறுதிப் பற்றவைப்பைச் செய்யுங்காற் கூட்டைத் தாங்கியினின்று இறக்கி, சக்கரங்கள் தாங்குமிடங்களில் மட்டமாக நிறுத்தி, கதவுகளை மாட்டி இடைவெளி பார்த்துப் பின் முடித்தலே முறை. ஹெரால்டு வண்டியின் நிலை வேறு. அதற்குத் தனிச்சட்டம் உண்டு. உடலோ பல பகுதிகளாகப் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. சட்டத்தினின்று பிரித்த உடலை முட்டின்றிச் சுழற்றுதல் தகாது. சட்டத்தைத் தனியே ஏற்றிச் சுழற்றுதலோ மிக எளிது.

சுழல்தாங்கியால் வரும் நன்மைகள் பல. டிங்கர் நின்றுகொண்டே வேலை செய்கின்றான். பெயிண்டர் அடிப்பாகத்திற்கும் கூரைக்கு இடும் பொறுமையோடு பூச்சிடுகின்றான். பெட்டிப்பகுதிகளினுள் ஊற்றிய துருத்தடுப்பு எண்ணெய், கூட்டைத் திருப்பத் திருப்ப மூலைமுடுக்கெல்லாம் பரவுகின்றது. ஆயினும் இக்கருவி எல்லாத் தீங்கையும் போக்குமென்று எண்ணற்க. பழைய பூச்சில் ஈயம் இருத்தல் கூடும். ஆற்றுமணலை வீசித் துருநீக்குவோரின் நுரையீரலை மணற்றூள் மெல்லக் கெடுக்கும். ஆகவே மணலை விலக்கிக் கார்னெட் போன்ற தூளைக் கொள்ளுதலும், மூக்குக்கும் கண்ணுக்கும் தக்க காப்பு அணிதலும் வேண்டும். பெட்ரோல் தொட்டி வண்டியில் இருக்கப் பற்றவைத்தல் கூடவே கூடாது.

இத்தாங்கிக்கு ஆகும் செலவை எண்ணிச் சிறுபட்டறையார் தயங்குவர். ஆண்டுக்கு ஓரிரு பழைய வண்டிகளையே எடுப்பவர்க்கு அத்தயக்கம் நியாயமானதே. அடிக்குழாயைப் போல்ட்டுகளாற் பிரிக்கத்தக்கதாகவும், கைகளை வெவ்வேறு வண்டிக்கு ஏற்ப மாற்றத்தக்கனவாகவும் அமைத்தால், நான்கைந்து பட்டறையார் ஒன்றுகூடி ஒரு தாங்கியைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். வேலையில்லாத காலத்திற் சுவரோரம் சாத்திவைக்கலாம். பத்தாண்டு மல்லாந்து படுத்து வேலை செய்தவனின் கழுத்துக்கும் தோளுக்கும் கண்ணுக்கும் ஆகும் கேட்டை எவரும் பற்றுச்சீட்டில் எழுதுவதில்லை; அதனையும் கணக்கிற் சேர்த்தால் இக்கருவி மலிவானதேயாம்.

கல்லூரி மாணவர்க்கு ஒரு சொல். ஈர்ப்பு மையமும், நெம்புகோல் விதியும், பைத்தாகரஸ் தேற்றமும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் செய்திகளல்ல. நாசரேத்திற் தச்சுவேலை செய்தவரை ஆண்டவரென வழிபடுவோர் தோற்றுவித்த கல்லூரியிற் பயில்வோர், கைவேலையை இழிவாகக் கருதுதல் தகாது. விடுமுறையில் வேலப்பன்சாவடிப் பக்கமோ தம் ஊர்ப் பட்டறைக்கோ செல்வோர் ஒரு வில்தராசும் அளவுநாடாவும் எடுத்துச் செல்வாராக. தொழிலாளி அனுபவத்தால் அறிந்ததை அவனிடம் கேட்டறிந்து, தாம் ஏட்டில் அறிந்ததை அவனுக்கு எளிய சொல்லில் எடுத்துரைப்பாராயின், இருவர் அறிவும் ஒருங்கே வளரும்; வண்டியின்கீழ்ப் படுத்திருக்கும் ஒருவனேனும் எழுந்து நின்று வேலை செய்வான்.